கூடம் கோணலாயின்

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாள் என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். வீட்டுப்பாடம் எழுதாது வந்து பேனாவிலே குற்றம் காணும் மாணவனைக் கடிந்துகொள்வதற்கு ஆசிரியராகிய நாமும் அதனை எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கின்றோம். ஆயினும் அப்பழமொழிக்குள்ளே ஒரு வினா விடையின்றிக் கிடக்கின்றது. அவள் கோணல் என்று சொன்ன கூடத்தைச் சென்று பார்த்தவர் யார்? அளந்தவர் யார்? கூடம் மெய்யாகவே கோணலாயிருந்து, ஆடுபவளும் ஆட வல்லவளாயிருந்தால் வழக்கு எப்பக்கம் சாயும்? பழமொழி அதனைப் பேசவில்லை. அது பேசாது விட்டதைப் பற்றியே இவ்விழா மலரிலே சிறிது எழுதக் கருதினோம்.

நவராத்திரி விழா, ஆண்டு விழா, பரிசளிப்பு விழா, தமிழ்மொழித் தினப் போட்டி என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு நிகழ்ச்சிக்காகக் கண்டி நகரிலும், பேராதனை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, கம்பளை முதலிய அயலூர்களிலும் மண்டபம் தேடும் வேலை எம் போன்றார்க்கு வாய்த்துவிடுகின்றது. மண்டபம் பார்க்கச் செல்லும் குழுவினர் கேட்கும் வினாக்கள் எல்லா இடத்தும் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை கதிரை போடலாம்? மின்விசிறி எத்தனை? வாகனம் நிறுத்த இடம் உண்டா? மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி உண்டா? வாடகையிலே ஏதும் குறைக்க முடியுமா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் ஒருவர் மேடையேறி, ஒலிபெருக்கியின் முன்னே நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்ப்பார். ஓசை தெளிவாயிருக்கின்றது, மண்டபம் நன்று என்று தீர்மானமாகிவிடும். ஒருவராவது காலணியைக் கழற்றிவிட்டு அம்மேடையிலே பத்தடி நடந்து பார்த்ததை எம் ஆசிரியத் தொழிற்காலம் முழுவதிலும் நாம் கண்டதில்லை. நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தாலோ, பதினைந்து நிகழ்ச்சிகளுள் எட்டோ ஒன்பதோ நடனமாக இருக்கும்!

பாட்டுக்கு ஏற்ற மண்டபம் ஆட்டத்துக்கும் ஏற்றது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் என்பது எம் கருத்து. இரண்டும் ஒரே மேடையில், ஒரே மாலையில், ஒரே வாத்தியக்காரரைக் கொண்டு நடைபெறுவதால் இரண்டுக்கும் ஒரே இடம் போதுமென்று கொள்கின்றோம். பாடகர் விரிப்பிலே அமர்ந்து பாடுகின்றார். விரிப்பின் கீழே கருங்கல் இருந்தாலென்ன, பலகை இருந்தாலென்ன? அவருக்கு வேண்டுவது தம் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டுசெல்லும் ஒரு கூடம். ஆடுபவர்க்கோ தரையே வாத்தியம். மத்தளக்காரருக்குத் தோல் எப்படியோ, ஆடுபவர்க்குத் தரை அப்படி. தோல் தளர்ந்த மத்தளத்தை ஒரு வித்துவானிடம் கொடுத்து வாசியும் என்று சொல்லத் துணிவோமா? பன்னிரண்டு வயதுச் சிறுமியை முன்பின் பாராத தரையிலே ஏற்றி ஆடு என்று சொல்ல மட்டும் நாம் தயங்குவதில்லை.

பரதம் பயிலும் பிள்ளை அரைமண்டியிலே இருந்துகொண்டு உள்ளங்கால் முழுவதும் படியத் தரையை அறைகின்றாள். ஒரு வர்ணம் அரைமணி நேரத்துக்கு மேலும் செல்லும். அதனுள்ளே எத்தனை நூறு முறை அவள் பாதம் தரையில் விழுகின்றது என்று எண்ணிப் பார்த்தால் இரசிகர் திகைத்துப் போவர். பலகைத் தளமாயின் அந்த அடியின் விசையிலே ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொண்டு சற்றே வளைந்து கொடுக்கும். சீமெந்துத் தரை வளைவதில்லை. வாங்கிய அடியை வட்டியோடு திருப்பிக் கொடுக்கின்றது. அது போய்ச் சேரும் இடம் குழந்தையின் கணைக்காலும் முழங்காலும் இடுப்பும் ஆகும். போட்டிக் காலங்களிலே நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் வெறுஞ் சீமெந்தில் பயிலும் மாணவியர் படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குவதை எம் கல்லூரி மாடிப்படியிலே யாரும் காணலாம்.

கம்பளம் விரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் உளர். கம்பளம் அடியின் கடுமையைச் சிறிதே குறைக்கும். ஆனால் சுழலும் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், தட்டின் ஓசையை விழுங்கிவிடும், தரையிலே கிடக்கும் ஆணியையும் பள்ளத்தையும் மறைத்துவிடும். இக்காலத்திலே பெரிதும் விரும்பப்படும் மெருகிட்ட தரையோடு இன்னும் பொல்லாதது. கண்டி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்த ஊர். நவராத்திரி வருவதோ மழை தொடங்கும் பருவத்தில். மண்டபத்திலே ஐந்நூறு பேர் கூடி மூச்சுவிடும்போது குளிர்ந்த ஓட்டின்மேல் ஈரம் படர்வதைக் கண்ணால் காண்பது அரிது. காலாலேதான் அறிய முடியும். அறிகின்ற கால் ஆடுபவளுடையது. மண்டபத்தைத் தெரிந்தெடுக்கும் கால்களோ சப்பாத்து அணிந்தவை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மண்டபத்திலே, அதன் பெயர் ஈண்டு வேண்டா, எம் மாணவி ஒருத்தி தில்லானாவின் நடுவே வழுக்கி விழுந்தாள். விழுந்தவள் எழுந்து, தாளம் தவறாது ஆடி முடித்தாள். சபையோர் கைதட்டினர். பயிற்சி போதாது என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னதும் எம் செவியில் விழுந்தது. மறுநாட் காலை அப்பிள்ளையால் காலை ஊன்ற முடியவில்லை. பின்னர் விசாரித்தபோது, பிரதம விருந்தினர் வருகின்றார் என்று அன்று காலையிலேதான் மேடைத் தரைக்கு மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தனர் என்று தெரியவந்தது. தேய்த்த தொழிலாளி மேல் யாது குற்றம்? அவரிடம் நடனம் உண்டு என்று எவரும் சொல்லவில்லை.

இனி எம் முன்னோர் இதனை எவ்வாறு நோக்கினர் என்று பார்ப்போம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வகுப்பிலே பாடமாகப் படித்தவர்கள் அதிலே வரும் அளவுகளைச் சோதனைக்காக மனனம் செய்து, சோதனை முடிந்ததும் மறந்துவிட்டனர். மறக்கத்தக்க அளவுகள் அல்ல அவை. மாதவி ஆடுதற்கு முன்னர் அரங்கு அமைப்பதற்கென நிலம் நூல் முறைப்படி ஆராய்ந்து தெரிந்தெடுக்கப்படுகின்றது. பொதிய மலைபோன்ற புண்ணிய மலையிலே வளர்ந்த மூங்கிலைக் கொண்டுவந்து அளவுகோல் செய்கின்றனர். 24 விரற்கிடை கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் நீளம் 8 கோல், அகலம் 7 கோல், தரையினின்று உயரம் 1 கோல். மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். போவதற்கும் வருவதற்கும் இரண்டு வாயில்கள். பெருவிரலின் பருமனை முக்கால் அங்குலமாகக் கொண்டால் ஒரு கோல் ஒன்றரை அடியாகும். ஓரங்குலமாகக் கொண்டால் இரண்டடியாகும். ஆகவே ஒருத்தி தனித்து ஆடுவதற்கு 12 முதல் 16 அடிவரை நீளமும், ஏறத்தாழ 10 முதல் 14 அடிவரை அகலமும் வேண்டுமென்று கண்டிருக்கின்றனர். வாத்தியக்காரர், குத்துவிளக்கு, நடராசர் சிலை, பூச்சாடிகள், அலங்கார வளைவு, பேச்சாளருக்கான மேசை இவையெல்லாம் இடம்பிடித்தது போக, எம் மேடைகளிலே எண்மர் சேர்ந்து ஆடும் குழு நடனத்துக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதை அன்பர்கள் அளவுநாடா கொண்டு பார்த்துக்கொள்க.

நிலத்தைத் தெரியும் முறையை உரையாசிரியர் அடியார்க்குநல்லார் விரித்துரைக்கின்றார். எலும்பும் உமியும் பரற்கல்லும் கலந்த நிலம் ஆகாது. களிப்பும் உவரும் ஆகா. சாம்பலும் புழுதியும் ஆகா. குழி தோண்டி மண்ணை ஆராய்ந்தனர். அதன் மணத்தையும் சுவையையும்கூட நோக்கினர். இதை வாசித்து நகைப்பவர் உண்டு. மேடை பலகையால் ஆயதன்றோ, கீழுள்ள மண் எப்படியிருந்தால் என்ன என்று எம் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஈரம் தாங்கும் களிமண் மழையிலே பொங்கும், வெயிலிலே பிளக்கும். அதன்மேல் நிற்கும் பலகை எவ்வளவு நல்லதாயினும் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் இறங்கும். கூடம் கோணலாவது அங்கேதான். வடமொழிப் பரத நாட்டிய சாத்திரமும் அரங்கத்தின் தளம் ஆமை முதுகுபோல் நடுவுயர்ந்தும், மீன் முதுகுபோற் கூர்த்தும் இராமல், கண்ணாடி முகம்போல் சமனாக இருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. இரு நூல்களும் இதிலே ஒத்துப்போவது வியப்பன்று. கால்கள் எந்நாட்டிலும் ஒன்றேயன்றோ.

மேடையின் உயரம் ஒரு கோல் மட்டுமே என்பதையும் கவனிக்க. நிலத்திலே அமர்ந்திருப்பவரின் கண் ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்திலிருக்கும். இரண்டடிக்கு மேற்படாத மேடையாயின் முன்வரிசையிலிருப்பவனும் ஆடுபவளின் பாதத்தைக் காண்பான். கதிரையில் அமர்ந்தவரின் கண் நாலடிக்குச் சற்றுக் குறைவாயிருக்கும், மேடை மூன்றடியாகலாம். இந்நாளில் நாலரை அடியும் ஐந்தடியும் உயர்த்திக் கட்டுகின்றார்கள். கூட்டமேடைக்கு அது பொருந்தும். பேச்சாளரின் பாதத்தைப் பார்க்க எவரும் வருவதில்லை. ஆனால் நடனத்தைப் பார்க்க முன்வரிசையிலே இடம்பெற்ற பெரியோர்கள் முழங்காலுக்கு மேற்பட்ட நடனத்தையே கண்டு வீடு திரும்புகின்றனர்.

விளக்கைப் பற்றியும் இளங்கோ அடிகள் கூறாமல் விடவில்லை. தூண்களின் நிழல் ஆடிடத்திலும் அவையிலும் விழாது புறத்தே சென்று விழுமாறு விளக்கு நிறுத்தப்பட்டதாம். மின்குமிழ் இல்லாத காலத்தில் எண்ணிய எண்ணம் இது! இன்று ஆயிரம் வற்று விளக்கை முகத்துக்கு நேரே வைத்து ஆடுபவளைக் குருடாக்கிவிட்டு, அவள் மேடை விளிம்பை அறியாது தடுமாறினால் பதறுகின்றோம்.

இத்தனை அளவும் யாருக்காக? ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதிலே அரங்கேறிய ஒரு பெண்ணுக்காக. எம் ஏழாம் வகுப்பு மாணவியின் வயது அது. கண்டி மாநகரின் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினித் தெய்வத்துக்குரியது. கண்ணகிக்குக் கோயில் எடுத்த ஊரிலே மாதவியின் அரங்கை அளந்து பார்ப்பார் இல்லாது போயினர் என்று சிலவேளை எண்ணிக்கொள்வோம்.

அரங்கின் அளவு நிற்க. பாடுமிடமும் ஆடுமிடமும் வேறு வேறு என்பதைக் கண்ணாற் காண விரும்புபவர் தவுலகலைக்கு அணித்தேயுள்ள எம்பெக்கே தேவாலயத்துக்கு ஒருநாள் சென்று வருக. 14ஆம் நூற்றாண்டிலே கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் எழுந்த கோயில் அது; கதிர்காமத் தெய்வத்துக்கு, அதாவது எம் முருகப்பெருமானுக்கு உரியது. மரத்தூண்களின் சிற்பத்தைப் பார்க்க உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். மொத்தம் 514 சிற்பங்கள் என்று எண்ணியிருக்கின்றார்கள். கூரையின் ஒரு முனையிலே 26 கைமரங்களை ஒரே மர முளை கவ்விப் பிடித்திருக்கும் தச்சுத்திறத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் படம்பிடித்துக்கொண்டு போய்விடுகின்றனர். அக்கோயிலின் அமைப்பை நோக்குவார் சிலரே. முன்னே மேளம் முழங்கும் மண்டபம். அதன் பின்னே சிங்களத்தில் திக்கே எனப்படும் ஆடற்கூடம். அதற்கும் அப்பால் கருவறை. மேளத்துக்கு ஓரிடம், ஆடலுக்கு ஓரிடம்! மேள மண்டபம் நாற்புறமும் திறந்தது, தூண்கள் நெருங்கியது. ஓசை தூண்களினூடே புகுந்து ஊருக்குக் கேட்கும். ஓர் உடல் கைகளை விரித்துச் சுழல்வதற்கோ அத்தூண்கள் இடந்தரா. அம்மண்டபத்திலும் ஆடுமகள் ஒருத்தி உண்டு. அவள் தூணிலே செதுக்கப்பட்டிருக்கின்றாள். ஆகையால் இடம் போதவில்லை என்று முறையிடுவதில்லை.

ஓசையின் இயல்பை இன்னும் சிறிது ஆராய்தல் தகும். உயர்ந்த கூரையும் வெறுஞ்சுவரும் உடைய கூடத்தில் ஒலி உடனே அடங்காது; சுவருக்குச் சுவர் மோதி நெடுநேரம் நிற்கும். பாடகருக்கு அது இனிமை தரும். ஆலாபனையிலே ஒரு சுரத்தின் நிழல் அடுத்த சுரத்தின்மேல் விழும்போது குரல் நிறைந்து ஒலிக்கும். சாதாரணக் குரலும் அங்கே சங்கீதமாகிவிடும். ஆடுபவர்க்கு அதுவே இடையூறு. நட்டுவனார் விரைந்த காலத்திலே சொற்கட்டுச் சொல்லும்போது ஒரு செக்கனுக்குள் நான்கைந்து சொற்கள் வந்து விழும். முந்தியதன் எதிரொலி அடங்குமுன் பிந்தியது வந்தால், தட்டுக்கழியின் அடி எது, எதிரொலி எது என்று கால் மயங்கும். மண்டபத்தின் ஒரு கோடியிலே பொருத்திய ஒலிபெருக்கியிலிருந்து தாளம் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாட்டுக்கச்சேரியிலே நல்ல பெயர் எடுத்த மண்டபங்களிற் சில நடனத்துக்குப் பொருந்தாது போவதன் இரகசியம் இதுவே.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு எவர்க்கும் விளங்கவில்லை. எழுந்த ஒலி அடங்க ஏறத்தாழ 5½ செக்கன் சென்றது. வொலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரை அழைத்து இதைத் திருத்தும் என்றனர். அவர் அயலிலிருந்த நாடக மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை இரவிலே கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஓர்கன் குழலையும் கடிகாரத்தையும் துணைக்கொண்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு ஒலி அடங்குகின்றது என்று அளந்தார். மனித உடம்பும் ஆடையும் மெத்தையைப் போலவே ஒலியை உட்கொள்ளும் என்பதையும் கணக்கிட்டார். 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பொஸ்டன் இசை மண்டபம் அவர் கணக்கின்படி எழுந்தது. இதிலே எமக்குரிய பயன் யாதெனில், வெறுமையான மண்டபத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு ஓசை நன்று என்றோ தீது என்றோ சொல்லுதல் அரைத் தீர்ப்பே என்பது. ஆட்கள் நிறைந்த மாலையொன்றிலே, பிறர் நடத்தும் நிகழ்ச்சிக்காவது போயிருந்து கேட்டு வருதல் நன்று.

மேடையின் வடிவம் மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்குப் பேராதனையே சான்று. மட்டக்களப்பிலே கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. களரி வட்டமானது, பார்ப்போர் நாற்புறமும் இருப்பர், அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் களரியிலேயே நிற்பர். ஆடுபவர் வட்டமாகச் சுற்றி ஆடுவது அழகுக்காக மட்டும் அன்று. எப்பக்கத்தில் இருப்பவரும் அவரைக் காண வேண்டும் என்பதற்காகவுமாம். 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் அக்கூத்தினைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது விடியவிடிய ஆடியது சில நாழிகையாகச் சுருங்கியது. ஆடுபவர் சபையை நோக்கி நிற்கப் பழகினர். வாத்தியக்காரர் பக்கத்துக்கு ஒதுங்கினர். கர்ணன் போர், இராவணேசன் முதலியன இவ்வாறு உருவானவை. பேராசிரியர் செய்தது நன்றோ என்று அன்றும் வாதிட்டனர், இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதத்துள் நாம் புகவில்லை. ஆனால் ஒன்று கூறுவோம்: கூத்தை ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு மாற்றும்போது அவர் கண்ணைத் திறந்துகொண்டு மாற்றினார், எதை இழக்கின்றோம், எதைப் பெறுகின்றோம் என்று எண்ணிப் பார்த்தார். நாமோ மேடை என்று ஒன்று இருந்தால் எந்த ஆட்டத்தையும் அதிலே ஏற்றிவிடுகின்றோம். அதே பேராதனையில் மலைச்சரிவை இருக்கையாகக் கொண்டு அமைந்த திறந்தவெளி அரங்கிலேதான் 1961இல் சரச்சந்திரரின் சிங்கபாகு முதன்முதல் ஆடப்பெற்றது. மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் அவ்வரங்கிலே ஆடுபவரின் பாதமும், அவர் நிலத்திலே வரையும் கோலமும் கடைசி வரிசைக்கும் தெரியும்.

இவ்வளவும் சொல்லக்கேட்ட நண்பர் ஒருவர் எம்மை மறுத்தார். எசல பெரகராவிலே கண்டிய நடனக் கலைஞர் தார் வீதியில் வெறுங்காலோடு மணிக்கணக்காக ஆடவில்லையா? தோட்டங்களிலே மாசி மாதத்தில் காமன் கூத்து மண்திடலில் நடைபெறவில்லையா? கோயில்களிலே கருங்கல்லின்மேல் ஆடவில்லையா? பிள்ளைகளை நோகாமல் வளர்க்கப் பார்க்கின்றீர் என்றார். நண்பர் சொன்னதில் உண்மை உண்டு. ஆதலால் ஆறுதலாகவே விடையிறுத்தோம். பெரகரா, கீர்த்திசிறி இராசசிங்கன் (1747–1782) காலந்தொட்டு இன்றுள்ள வடிவிலே வீதியில் வளர்ந்தது. அதற்குரிய ஆட்டம் நடந்து செல்லும் ஆட்டம். ஓரிடத்திலே நின்று ஒரு தரையை நூறுமுறை அறைவதன்று. மேளக்காரர் ஆடுபவரோடு கூடவே நடப்பதால் தாளம் பிந்துவதில்லை. கொப்பராப் பந்தம் பிடிப்போர் இருமருங்கும் உடன் வருவதால் ஒளி எப்போதும் ஆடுபவர் பக்கத்திலேயே இருக்கின்றது. ஆடுவோரோ சிறுவயது முதல் அத்தொழிலிலே ஊறியவர்கள். அவ்வீதி பல தலைமுறையாகச் சோதிக்கப்பட்ட அரங்கு. காமன் கம்பம் நட்ட திடலும் அவ்வாறே. தப்பின் முழக்கத்துக்கு மலையே சுவர், மிதித்து மிதித்து இறுகிய மண் சீமெந்தினும் மென்மையானது. சீமெந்து மேடையும் தரையோடும் எத்தனை தலைமுறை கண்டவை? கருங்கல்லில் ஆடிய மகளிரின் முழங்கால் முதுமையில் எப்படியிருந்தது என்று எந்தக் கல்வெட்டும் பொறித்து வைக்கவில்லை.

இடையிலே ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் பழைய மாணவர் இராப்போசன விருந்திலே வாத்தியக்குழுவினர் பைலா வாசிக்கத் தொடங்கியதும், ஐம்பதும் அறுபதும் கடந்த அன்பர்கள் மேசையை விட்டெழுந்து ஆடுவதை நாமும் கண்டு களித்திருக்கின்றோம். அரைமணி நேரந்தான். மறுநாட் காலை அவர்தம் முழங்கால்கள் சொல்லிய செய்தியைக் கேட்டறிந்தால் இக்கட்டுரையின் பாதி தேவையில்லை. மேலைநாட்டார் இதை முன்னரே அறிந்தவர்கள். இங்கிலாந்தின் பிளாக்பூல் கோபுரத்து நடனசாலை 1899ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மகோகனி, ஓக், வால்நட் என்னும் மரங்களிலிருந்து வெட்டிய 30,000க்கு மேற்பட்ட கட்டைகளால் ஆயது அதன் தளம். பொழுதுபோக்குக்கு ஆடுபவர்க்கே அவ்வளவு ஏற்பாடு.

எமக்கு முப்பதாயிரம் கட்டை வேண்டியதில்லை. எம் விழா நினைவாக எழவிருக்கும் புதிய மண்டபத்தின் மேடைக்குச் சீமெந்துத் தளம் இட்டபின், அதன்மேல் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, சட்டங்களின் கீழே இடையிடையே இறப்பர்த் துண்டு வைத்து, மேலே பலகையைப் பொருத்தினாற் போதும். திருகாணித் தலைகள் பலகைக்குள்ளே அமிழ்ந்திருக்க வேண்டும். மெருகெண்ணெய் பூசலாகாது. அடியிலே காற்றுப் புகுந்து வெளியேறப் பக்கங்களில் துளைகள் விடாவிட்டால் மலைநாட்டு ஈரமும் கறையானும் சில ஆண்டுகளில் அதை முடித்துவிடும். கினிசப்பு மரம் இப்பகுதியிலே கிடைப்பதுதான்; வேறு எம்மரம் உறுதியும் விலைக்குறைவும் உடையது என்பதை மர வியாபாரத்திலே ஈடுபட்டிருக்கும் பழைய மாணவர்கள் எம்மினும் நன்கு அறிவர். செலவு கூடும் என்பது மெய். முகப்பிலே அமையவிருக்கும் கோபுர வளைவைச் சற்றே சுருக்கினால் அச்செலவு அடங்கிவிடும் என்பது எம் எண்ணம். வளைவை விரும்பும் அன்பர்கள் எம்மை மன்னிப்பார்களாக.

வாடகை மண்டபம் எடுக்கும் நாட்களுக்கு வேறு வழியில்லை. ஆடுபவளையே அழைத்துச் செல்ல வேண்டும். பகலில் அன்று, நிகழ்ச்சி நடக்கும் அதே மாலை வேளையில், விளக்கை ஏற்றி, மிருதங்கக்காரரையும் கூட்டிக்கொண்டு போக. குழுவிலே மிகச் சிறிய பிள்ளை சலங்கையோடு பத்து நிமிடம் ஆடட்டும். நடன ஆசிரியை கடைசி வரிசையிலும், நட்டுவாங்கம் சொல்பவர் தமக்குரிய இடத்திலும் அமர்ந்து பார்க்கட்டும். பிள்ளையின் உள்ளங்காலை ஒருவர் தொட்டுப் பார்க்கட்டும். சிவந்திருக்கின்றதா, ஈரமாயிருக்கின்றதா, தூசி படிந்திருக்கின்றதா? ஏற்றதன்று என்று அவர்கள் சொன்னால், முற்பணம் கட்டியாயிற்றே என்று வாதாடாது அம்மண்டபத்திலே பாட்டும் பேச்சும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நடனத்தைக் கல்லூரி முற்றத்துப் புற்றரையிலே வைத்தாலும் குறையில்லை.

புதிய மண்டபத்தின் திட்டப்படம் கல்லூரிக் காரியாலயத்திலே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. அதிலே மேடையின் உயரம் நாலரை அடி எனவும், மேடைத்தளம் மெருகிட்ட தரையோடு எனவும் குறித்திருக்கின்றார்கள். கட்டட வேலையைக் கேள்விக்கு விடுமுன்னர் அவ்விரண்டு குறிப்புகளையும் மாற்றி மூன்றடி, பலகை என்று எழுதுமாறு கட்டட நிதிக் குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம். பொறியியல் பயின்ற பழைய மாணவர் எவரேனும் சட்டங்களின் இடைவெளியைக் கணக்கிட்டு உதவ முன்வந்தால் நன்று. எம் நடன ஆசிரியை வாரத்திலே இரு மாலைகள் கல்லூரியில் இருப்பார். குழுவினர் அவரை ஒருமுறை அழைத்துத் திட்டப்படத்தைக் காட்டுவார்களாக.